பழைய மின்சார எஸ்யூவி மலையில் காட்டும் அறிகுறிகள்: நீலகிரியில் வண்டி வைத்திருப்போருக்கான பிழை நீக்கும் வழிமுறை

கோயம்புத்தூரிலோ திருப்பூரிலோ மூன்று நான்கு ஆண்டுகள் ஓடிய மின்சார எஸ்யூவியை வாங்கி மலைக்குக் கொண்டுவருபவர்களை இப்போது குன்னூர், கோத்தகிரிப் பக்கம் அடிக்கடி காண முடிகிறது. அவிநாசி சாலையில் ஓட்டிப் பார்த்தபோது ஒரு குறையும் சொல்ல முடியாத வண்டி, பர்லியாறு தாண்டிய பிறகு புதிய புதிய எச்சரிக்கை விளக்குகளைக் காட்டத் தொடங்குவதும், வாங்கியவர் ஏமாற்றப்பட்டதாக எண்ணி மனம் வெதும்புவதும் வழக்கமாகிவிட்டன. அவற்றில் சில மலையின் இயல்பால் வருபவை, பழுதென்று சொல்வதற்கில்லை. சில, கைக்காசு செலவழித்துச் சரிசெய்ய வேண்டியவை. இன்னும் சில, தயாரிப்பு நிறுவனமே ரீகால் அறிவித்து, அதாவது குறையுள்ள வண்டிகளைத் திரும்ப அழைத்து, இலவசமாகச் சரிசெய்து தர வேண்டியவை. எந்த அறிகுறி எந்த வகையைச் சேர்ந்தது என்று பிரித்தறிவதற்காகவே இதை எழுதுகிறேன்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் செய்ய வேண்டியது

ரீகால் கடிதம் வண்டியின் முதல் உரிமையாளர் பதிவுசெய்த முகவரிக்கும் கைப்பேசி எண்ணுக்கும்தான் போகும். இரண்டாவதாக வாங்கியவரின் பெயர் ஆர்சியில் ஏறியிருந்தாலும், நிறுவனத்தின் வாடிக்கையாளர் பட்டியலில் ஏறியிருக்கும் என்று நம்பியிருக்க முடியாது. ஆகவே, ஸ்பேனரைக் கையில் எடுப்பதற்கு முன், ஆர்சியில் உள்ள 17 எழுத்து சேசிஸ் எண்ணைக் குறித்துக்கொண்டு, நிறுவனத்தின் இணையதளத்திலோ அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரிலோ அந்த எண்ணுக்கு முடிக்கப்படாத ரீகால் ஏதேனும் நிலுவையில் உள்ளதா என்று கேளுங்கள். "ரீகால் உண்டா" என்று மட்டும் கேட்காமல், எந்தெந்த ரீகால் எந்தத் தேதியில் முடிக்கப்பட்டது என்று எழுத்தில் கேட்பது முக்கியம்.

தேதியையும் கேட்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஹூண்டாய் கோனா எலக்ட்ரிக் வண்டிகளில், 2019 ஏப்ரல் 1 முதல் 2020 அக்டோபர் 31 வரை தயாரானவற்றுள் 456 வண்டிகள், உயர் மின்னழுத்த பேட்டரி அமைப்பைச் சோதிப்பதற்காக 2020 டிசம்பரில் இந்தியாவில் ரீகால் செய்யப்பட்டன. கொரியாவில் இதே சிக்கலுக்கு முதலில் மென்பொருளை மட்டும் மாற்றினார்கள். அப்படி மாற்றப்பட்ட ஒரு வண்டி 2021 ஜனவரியில் டேகு நகரில் தீப்பிடித்த பிறகுதான், அடுத்த மாதம் உலக அளவில் சுமார் 82,000 வண்டிகளுக்கு பேட்டரியையே மாற்றித் தரும் முடிவு வந்தது. செல்லுக்குள் எதிர்மின்வாய்த் தகடு மடிந்திருந்தது காரணமாகச் சொல்லப்பட்டது. ஒரு ரீகால் முடிந்துவிட்டது என்று எழுதிய காகிதம் கையில் இருப்பதால் மட்டும், அதே சிக்கலுக்கு அடுத்து வந்த ரீகாலும் முடிந்துவிட்டதாகாது.

மஹிந்திரா எக்ஸ்யூவி 400 வண்டிகளில் 2023 பிப்ரவரி 16 முதல் ஜூன் 5 வரை தயாரான 3,560 வண்டிகள், பிரேக் மிதியின் நிலையை அறியும் பொட்டென்ஷியோமீட்டரின் ஸ்பிரிங் சரியாகத் திரும்புகிறதா என்று பார்ப்பதற்காக 2023 ஆகஸ்டில் அழைக்கப்பட்டன. ஹூண்டாய் அயோனிக் 5 வண்டிகளில் 1,744, ஐசிசியூ எனப்படும் சார்ஜிங் கட்டுப்பாட்டுக் கருவிக்காக 2024 ஜூனில் அழைக்கப்பட்டன. அதே கருவிக்காகக் கியா இவி6 வண்டிகளில் 1,138, 2024 ஜூலையிலும், 1,380 வண்டிகள் 2025 பிப்ரவரியிலும் அழைக்கப்பட்டன. இந்தப் பெயர்களைச் சொல்வது அந்த வண்டிகளை வாங்க வேண்டாம் என்பதற்காக அன்று. வெளிப்படையாக அழைத்துச் சரிசெய்யப்பட்ட வண்டி, என்னைக் கேட்டால், அழைக்கப்படாத வண்டியைவிட நம்பிக்கைக்குரியது.

சட்டம் உங்கள் பக்கம் ஓரளவு நிற்கிறது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவு, குறையுள்ள வண்டிகளைத் திரும்ப அழைக்குமாறு உத்தரவிடும் அதிகாரத்தை மத்திய அரசுக்குத் தருகிறது. அதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. ஏழு ஆண்டுகளுக்கு உட்பட்ட வண்டிகளுக்கே அவை பொருந்தும். 2019-இல் தயாரான வண்டிக்கு அந்த ஏழாண்டு 2026-இல் முடிகிறது என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: காலையில் வண்டி விழிக்கவே இல்லை, திரை இருட்டாக இருக்கிறது

டிசம்பர், ஜனவரி மாதங்களில் தலைகுந்தாவிலும் காந்தலிலும் புல்லின் மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும் காலை வேளைகளில் இந்தத் தொல்லை மிகுதி. பெரிய பேட்டரியில் 70 சதவீதம் இருந்ததே என்று பலரும் திகைப்பார்கள். வண்டியை விழிக்க வைப்பது பெரிய பேட்டரி அன்று. பெட்ரோல் வண்டியில் உள்ளது போன்ற 12 வோல்ட் சிறிய பேட்டரிதான். அது இறந்தால் கதவுப் பூட்டு முதல் பெரிய பேட்டரியை இணைக்கும் கான்டாக்டர் வரை எதுவும் வேலை செய்யாது. ஈய அமில பேட்டரியின் கொள்ளளவு பூச்சியம் டிகிரிக்கு அருகில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். சமவெளியின் வெயிலில் நான்கு ஆண்டுகள் வெந்த பேட்டரி மலைக்குளிரின் முதல் இரவிலேயே கைவிரிப்பதில் வியப்பில்லை.

பத்து நிமிடம் ஒதுக்கி ஒரு மல்டிமீட்டரால் இதை உறுதிசெய்துகொள்ளலாம். இரவு முழுதும் நின்ற வண்டியின் 12 வோல்ட் பேட்டரியில் 12.6 வோல்ட் அளவுக்கு இருந்தால் நிறைவு; 12.4 என்றால் முக்கால், 12.0-க்குக் கீழே என்றால் காலி. அடுத்து வண்டியை ஓட்டத்திற்குத் தயாரான நிலைக்குக் கொண்டுவந்து மீண்டும் அளந்தால் 13.5 முதல் 14.5 வோல்ட் வரை காட்ட வேண்டும். அப்படிக் காட்டினால் குறை சிறிய பேட்டரியில் மட்டுமே. சில ஆயிரம் ரூபாயில் முடியும். வண்டி விழித்த பின்னும் அளவு 12.5-ஐத் தாண்டாவிட்டால், பெரிய பேட்டரியிலிருந்து சிறியதற்கு மின்சாரம் தரும் டிசி-டிசி கன்வெர்ட்டர் வேலை செய்யவில்லை என்று பொருள்.

மேலே சொன்ன ஐசிசியூ ரீகால் வந்து சேரும் இடம் இதுதான். அந்தக் கருவி பழுதானால் 12 வோல்ட் பேட்டரிக்குச் சார்ஜ் போவது நின்று, திரையில் எச்சரிக்கை தோன்றி, வண்டியின் வேகம் படிப்படியாகக் குறைந்து, இறுதியில் வண்டி நின்றுவிடக்கூடும். அயோனிக் 5, இவி6 வைத்திருப்பவர்கள் ஆறு மாதத்துக்கு ஒரு முறை சிறிய பேட்டரியை மாற்றிக்கொண்டிருந்தால், பேட்டரிக் கடைக்காரரைக் குறை சொல்வதை நிறுத்திவிட்டு ஐசிசியூ ரீகால் முடிந்ததா என்று பாருங்கள். முன்பு இருந்தவர் மாட்டிய டேஷ்கேம், ஒலிப்பெருக்கி போன்றவை இரவெல்லாம் சொட்டுச் சொட்டாக மின்சாரம் குடிப்பதும் உண்டு. அவற்றைக் கழற்றிவிட்டு இரண்டு இரவு பார்ப்பதற்குச் செலவே இல்லை.

அறிகுறி: மலையேறும்போது சார்ஜ் வேகமாகக் குறைகிறது

முதலில் எது இயல்பு என்று தெரிந்திருக்க வேண்டும். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டர்; உதகை சுமார் 2,240 மீட்டர். நான்கு பேரோடு 1,700 கிலோ எடையுள்ள வண்டியை அந்த 1,900 மீட்டர் தூக்குவதற்கு மட்டுமே ஏறக்குறைய 9 யூனிட் மின்சாரம் வேண்டும். அதோடு ஐம்பது கிலோமீட்டருக்கான டயர் உராய்வையும் மோட்டாரின் இழப்பையும் சேர்த்தால் 13 முதல் 14 யூனிட் ஆகும் என்பது என் கணக்கு. 30.2 யூனிட் பேட்டரி கொண்ட பழைய நெக்ஸான் இவியில் அது 45 சதவீதத்தை ஒட்டி வரும், 40.5 யூனிட் வண்டியில் 35, 50.3 யூனிட் கொண்ட எம்ஜி இசட்எஸ் இவியில் 28. வண்டி பழையது என்பதால் ஐந்தாறு சதவீதம் கூடினாலும் கவலை வேண்டாம். ஹீட்டரைப் போட்டுக்கொண்டு, கண்ணாடியின் பனியை நீக்க ஏசியையும் ஓடவிட்டால் இன்னும் கூடும்.

இந்தக் கணக்கைத் தாண்டி, 30.2 யூனிட் வண்டியில் 60 சதவீதத்துக்கு மேல் கரைந்தால் பேட்டரியின் மேல் பழிபோடுவதற்கு முன் சக்கரங்களைத் தொட்டுப் பாருங்கள். வெலிங்டனில் நிறுத்தி நான்கு ரிம்களின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோனால், ஒன்று மட்டும் சுடுவது தெரியும்; அங்கே பிரேக் வட்டைக் கவ்வும் காலிப்பர் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. மின்சார வண்டிகளில் பிரேக் அதிகம் பயன்படாததாலும், குன்னூரின் ஓயாத ஈரத்தாலும், காலிப்பர் பின்கள் துருவேறி இறுகுவது இங்கு சாதாரணம்.

அறிகுறி: சார்ஜ் சதவீதம் ஒரே தாவாகக் கீழே விழுகிறது

மெல்லக் குறைவது வேறு, 41-இல் இருந்து 23-க்கு ஒரு வளைவுக்குள் விழுவது வேறு. என் வண்டியில், குன்னூர் அருகே காட்டேரி என்ற ஊருக்கு மேலே இது நடந்தது. மலையில் அப்படித்தான் இருக்கும், மெதுவாக ஓட்டுங்கள் என்று கீழே ஒரு சர்வீஸ் சென்டரில் சொல்லி அனுப்பினார்கள். அந்தப் பதிலை ஏற்றுக்கொண்டு மூன்று மாதம் வீணாக்கியதால்தான் இந்தப் பகுதியை நீட்டி எழுதுகிறேன்.

இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று ஒன்றுமில்லாதது, மற்றது கடுமையானது. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் செல்கள் கொண்ட பேட்டரிகளில் (நெக்ஸான் இவி அந்த வகை) மின்னழுத்தம் பெரும்பாலான நிலைகளில் ஒரே மட்டமாக இருப்பதால், எவ்வளவு மீதம் உள்ளது என்பதை பேட்டரி மேலாண்மை அமைப்பு உள்ளே போனதையும் வெளியே வந்ததையும் எண்ணித்தான் ஊகிக்கிறது. முன்பு இருந்தவர் ஆண்டுக் கணக்கில் 40-க்கும் 80-க்கும் இடையிலேயே வேகச் சார்ஜரில் போட்டு ஓட்டியிருந்தால் அந்த ஊகம் தடம் மாறிவிடும். இதற்கு மருந்து எளிது: வீட்டுச் சார்ஜரில் மெதுவாக 100 வரை ஏற்றி, நிறைந்த பின்னும் சார்ஜர் தானாக அணையும் வரை பிடுங்காமல் விட வேண்டும். அடுத்தடுத்து இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தால் செல்கள் சமநிலைக்கு வந்து எண்ணிக்கை நேராகும்.

அப்படிச் செய்த பின்னும் ஏற்றத்தில் தாவல் தொடர்ந்தால், தொடராக இணைந்த நூறு செல்களுள் ஏதோ ஒன்று நலிந்திருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். சமதரையில் 15 கிலோவாட் கேட்கும்போது அந்தச் செல் சமாளித்துவிடும். கொண்டை ஊசி வளைவில் 60 கிலோவாட் கேட்கும்போது அதன் மின்னழுத்தம் மட்டும் சரிய, முழு பேட்டரியும் காலியாகப் போகிறது என்று மேலாண்மை அமைப்பு முடிவுகட்டிவிடும். இதைக் கண்டுபிடிக்க வண்டியைச் சர்வீஸ் மேடையில் நிறுத்திப் பார்த்துப் பயனில்லை. நின்றிருக்கும்போது எல்லாச் செல்லும் ஒன்றுபோலவே காட்டும். வண்டியின் கணினி காட்டும் அளவுகளைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனரை மாட்டிக்கொண்டு, ஒருவர் ஓட்ட மற்றவர் பார்க்க, ஏற்றத்திலேயே மிக உயர்ந்த செல்லுக்கும் மிகத் தாழ்ந்த செல்லுக்கும் உள்ள வேறுபாட்டைக் குறிக்க வேண்டும். நிற்கும்போது 20, 30 மில்லிவோல்ட் வேறுபாடு இருந்து, ஏறும்போது அது 100-ஐத் தாண்டிக்கொண்டே போனால், அதுவும் ஒவ்வொரு முறையும் அதே எண்ணுள்ள செல்லே தாழ்ந்து காட்டினால், அதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நான் அந்தப் படத்தைக் காட்டிய பிறகுதான் என் வண்டியில் அந்தச் செல் இருந்த தொகுப்பை (மாட்யூல்) வாரண்டியில் மாற்றினார்கள்.

மூன்று நான்கு ஆண்டுகளுக்கு முன் இந்தியாவில் விற்கப்பட்ட பெரும்பாலான மின்சார எஸ்யூவிகளின் பேட்டரிக்கு எட்டு ஆண்டு வாரண்டி உண்டு; கிலோமீட்டர் வரம்பு பொதுவாக 1,50,000 அல்லது 1,60,000. அது இரண்டாம் உரிமையாளருக்கு மாறுமா, மாற என்ன பதிவு தேவை என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடுவதால், விலை பேசும்போதே எழுத்தில் கேட்டுக்கொள்வது நலம். பல சர்வீஸ்களைத் தவறவிட்ட வண்டியில் இந்த வாரண்டி வாதத்துக்கு உள்ளாகும்.

அறிகுறி: ஏற்றத்தில் இழுவை குறைகிறது, ஆமைச் சின்னம் எரிகிறது

பெட்ரோல் வண்டி உதகையை நெருங்கும்போது சோர்வதற்குக் காற்றின் அடர்த்தி அங்கே ஐந்தில் ஒரு பங்கு குறைவது காரணம். மின்சார மோட்டார் காற்றைச் சுவாசிப்பதில்லை. ஆகவே அதற்கு அந்தச் சாக்கு இல்லை. உயரத்தால் இழுவை குறைகிறது என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள்.

சார்ஜ் மிகத் தாழ்ந்திருப்பது, பேட்டரி சூடாகியிருப்பது, குளிர்விக்கும் திரவம் குறைந்திருப்பது, நலிந்த செல் ஆகியவையே வழக்கமான காரணங்கள். திரவத்தின் மட்டத்தை வண்டி ஆறியிருக்கும்போது பாருங்கள். குறைந்திருந்தால் சாதாரண ரேடியேட்டர் தண்ணீரை ஊற்றாமல் கையேட்டில் சொன்ன வகையை மட்டும் ஊற்ற வேண்டும், சில வண்டிகளில் மின்சாரத்தை மிகக் குறைவாகக் கடத்தும் தனி வகை தேவைப்படும்.

நாமே வரவழைத்துக்கொள்ளும் காரணம் ஒன்றும் உண்டு. மேட்டுப்பாளையத்தில் வேகச் சார்ஜரில் 20-இல் இருந்து 90 வரை ஏற்றிவிட்டு, சூடு தணியும் முன்பே கல்லாறு தாண்டி 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறத் தொடங்குவது, பேட்டரியிலும் கான்டாக்டரிலும் சூட்டின் மேல் சூட்டை ஏற்றுகிறது. இது கற்பனையான அச்சம் இல்லை. அமெரிக்காவில் 2022 ஜூனில் ஃபோர்டு மஸ்டாங் மாக்-இ வண்டிகளில் ஏறக்குறைய 49,000 ரீகால் செய்யப்பட்டதற்குக் காரணமே, வேகச் சார்ஜிங்காலும் ஆக்சிலரேட்டரை அடிக்கடி முழுதும் அழுத்துவதாலும் கான்டாக்டர்கள் சூடேறிப் பழுதானதுதான். அந்த வண்டி இங்கு விற்பனைக்கு வரவில்லை. கான்டாக்டரின் இயற்பியல் எல்லா வண்டிக்கும் ஒன்றே. சார்ஜ் ஏறிய பின் ஒரு காப்பி குடிக்கும் நேரம் வண்டியை ஆறவிடுங்கள்.

அறிகுறி: இறக்கத்தில் ரீஜென் பிடிக்கவில்லை, பிரேக் கருகும் வாசனை வருகிறது

மலைப்பாதைப் பலகைகள் இரண்டாவது கியரில் இறங்கச் சொல்கின்றன. மின்சார வண்டியில் இரண்டாவது கியர் இல்லை. ரீஜென்தான், அதாவது வேகத்தைக் குறைத்தபடியே மோட்டார் மின்சாரம் உண்டாக்கிப் பேட்டரிக்கு அனுப்புவதுதான், அந்த வேலையைச் செய்கிறது. பேட்டரி 100 சதவீதம் நிறைந்திருந்தால் வரும் மின்சாரத்தை வாங்க இடமில்லாததால் ரீஜென் வேலை செய்யாது. விடியற்காலைக் குளிரில் செல்கள் பூச்சிய டிகிரிக்கு அருகில் இருந்தாலும், வேகமாக வரும் சார்ஜ் செல்லுக்குள் லித்தியத்தை உலோகமாகப் படியவைக்கும் என்பதால் மேலாண்மை அமைப்பே அதைக் கட்டுப்படுத்திவிடும். உதகையில் இரவெல்லாம் நிறையச் சார்ஜ் போட்டு, ஜனவரி காலை ஆறு மணிக்கு இறங்கத் தொடங்குபவருக்கு இரண்டும் சேர்ந்தே வாய்க்கும். அப்போது மலையிறக்கத்தின் முழுச் சுமையும் நான்கு பிரேக் வட்டுகளின் மேல் விழுகிறது.

இது பழுதில்லை, வழக்கத்தை மாற்றிக்கொண்டால் போதும். மேட்டுப்பாளையம் வரை இறங்குவதில் 4 யூனிட் அளவுக்குத் திரும்பக் கிடைக்கும் என்பதால், இறங்கும் முன் 80, 85 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 36 கொண்டை ஊசி வளைவுகளும் மிகச் செங்குத்தான சரிவும் கொண்ட, உதகையிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் நிறைந்த பேட்டரியோடு இறங்கவே வேண்டாம்.

பேட்டரியில் இடம் இருந்தும், வெயில் ஏறிய பின்னும் ரீஜென் விட்டுவிட்டு வந்தால் அது பழுது. பிரேக் மிதியின் நிலையை அறியும் உணரி, சக்கர வேக உணரி ஆகியவற்றை ஸ்கேனரில் பார்க்கச் சொல்லுங்கள். எக்ஸ்யூவி 400 வைத்திருப்பவர்கள் தயாரிப்புத் தேதியை மேலே சொன்ன ரீகாலோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய இடம் இது. மிதி பஞ்சுபோல் அமுங்கினால் பிரேக் எண்ணெய் ஈரம் உறிஞ்சிக் கொதித்திருக்கிறது. ஓரமாக நிறுத்தி ஆறவிடுங்கள், எண்ணெயை மாற்றும் வரை மலையிறங்காதீர்கள்.

அறிகுறி: சரிவில் நிறுத்திய வண்டி நகர்கிறது

அமெரிக்காவில் 2022-இல் அயோனிக் 5 வண்டிகளில் 10,700-க்கும் மேற்பட்டவையும், இவி6 வண்டிகளில் ஏறத்தாழ 9,000-உம், பார்க் நிலையில் நின்றிருக்கும்போது ஒரு கணம் மின்னழுத்தம் மாறி, பூட்டு விடுபட்டு வண்டி உருண்டுவிடக்கூடும் என்பதற்காக அழைக்கப்பட்டன. எந்த வண்டியாக இருந்தாலும், பார்க் பொத்தானை மட்டும் நம்பாமல் கைப்பிரேக்கை இழுப்பதும், முன் சக்கரத்தைத் திட்டுப் பக்கம் திருப்பி வைப்பதும், லாரிக்காரர்களைப் போல ஒரு கல்லை முட்டுக்கொடுப்பதும் குறைந்த செலவில் கிடைக்கும் காப்பு. அப்படியும் நகர்ந்தால் வண்டியை ஓட்டாமல் இழுவை வண்டியை அழையுங்கள்.

அறிகுறி: வீட்டில் சார்ஜ் ஏறவில்லை, அல்லது பாதியில் நிற்கிறது

கீழே நன்றாக வேலை செய்த சார்ஜர் மலை வீட்டில் சிவப்பு விளக்கு காட்டினால், நூற்றுக்குத் தொண்ணூறு வேளை குறை வீட்டில்தான். பழைய எஸ்டேட் பங்களாக்களிலும் லைன் வீடுகளிலும் எர்த் என்பது பெயருக்கு ஒரு கம்பியாகவே இருக்கும். பாறை நிலத்தில், அதுவும் பிப்ரவரி, மார்ச் வறட்சியில், எர்த் குழி காய்ந்துவிட்டால் சார்ஜர் பாதுகாப்புக்காக மறுத்துவிடும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் புது எர்த் குழி போடுங்கள். எர்த் இல்லாமலே சார்ஜரை ஏமாற்றும் சிறு கருவிகள் சந்தையில் கிடைக்கின்றன, அவற்றைத் தொடாதீர்கள்.

230 வோல்ட் என்று பெயருக்குச் சொன்னாலும், நீண்ட கம்பிவழி வரும் எஸ்டேட் இணைப்புகளில் மாலை நேரத்தில் மின்னழுத்தம் மிகவும் இறங்கிவிடும். இரவு பதினொரு மணிக்கு மேல் போட்டுப் பாருங்கள். பிளக் சுடுகிறது என்றால், எட்டு ஒன்பது மணி நேரம் தொடர்ந்து 14, 15 ஆம்பியர் இழுப்பதை அந்தச் சாக்கெட் தாங்கவில்லை. தனிக் கம்பி, 4 சதுர மில்லிமீட்டர் செம்பு, தனி எம்சிபி, மின்கசிவு ஏற்பட்டால் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஆகியவற்றோடு புதிய சாக்கெட் போடுவது வண்டி வாங்கிய செலவிலேயே சேர வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் இரண்டு வெவ்வேறு இடங்களில் மறுத்தால் மட்டுமே வண்டிக்குள் இருக்கும் சார்ஜரைச் சந்தேகிக்கலாம். வேகச் சார்ஜரில் ஏறி, வீட்டுச் சார்ஜரில் மட்டும் ஏறவில்லை என்பது அதற்கான நல்ல அடையாளம்; ஏனெனில் வேகச் சார்ஜரின் மின்சாரம் வண்டிக்குள் இருக்கும் அந்தச் சார்ஜர் வழியாகச் செல்லாமல் நேராகப் பேட்டரிக்குப் போகிறது.

அறிகுறி: மழைக்குப் பின் இன்சுலேஷன் எச்சரிக்கை

2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் மழை கொட்டிய மாவட்டம் இது. பேட்டரிப் பெட்டிகள் நீர் புகாதபடி அடைக்கப்பட்டவைதான். ஆனால் கீழ்த் தட்டில் அடிபட்ட பெட்டிக்கும், மூடி திறந்து மூடப்பட்ட பெட்டிக்கும் அந்த உறுதி பொருந்தாது. உயர் மின்னழுத்தச் சுற்றுக்கும் வண்டியின் உடலுக்கும் இடையே வோல்ட்டுக்குக் குறைந்தது 100 ஓம் தடை வேண்டும் என்பது விதி. 350 வோல்ட் வண்டிக்கு 35 கிலோ ஓம். அது குறைந்தால் எச்சரிக்கை எரியும். சில வண்டிகள் மறுமுறை கிளம்ப மறுக்கும்.

மழையன்று எரிந்து வெயிலில் அணைந்துவிடுகிறது என்றால் எங்கோ ஈரம் புகுந்து காய்கிறது. சார்ஜ் வாய், முன்புறக் கூண்டில் உள்ள இணைப்பிகள், ஏசி கம்ப்ரசரின் இணைப்பி ஆகியவற்றையே முதலில் பார்ப்பார்கள். தேயிலைத் தோட்டத்தை ஒட்டி வண்டி நிற்குமானால் எலியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆரஞ்சு நிற உயர் மின்னழுத்தக் கம்பிகளின் உறையை அது கடித்து வைப்பதுண்டு. பார்க்கலாம், தொடக்கூடாது. ஆரஞ்சு நிறக் கம்பியை நீங்களோ தெரு முனை மெக்கானிக்கோ கழற்றுவது உயிரோடு விளையாடுவது. பிழைக் குறியீட்டை ஸ்கேனரால் அழித்து விளக்கை அணைத்துத் தருகிறேன் என்பவரிடம் வண்டியை விடாதீர்கள்.

வாங்கும் முன் வண்டியை லிஃப்டில் ஏற்றிப் பேட்டரியின் அடித்தட்டைப் பார்க்க விற்பவர் மறுத்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். பள்ளம், கீறல், புதிதாக அடித்த கறுப்புப் பெயின்ட், தட்டி நிமிர்த்திய சுவடு ஆகியவை எதுவானாலும் விளக்கம் கேட்க வேண்டியவை.

அறிகுறி: அடியிலிருந்து சத்தம்

குழியில் இறங்கும்போது மட்டும் "கடக்" என்றால் சஸ்பென்ஷன் பாகங்களான ஸ்டெபிலைசர் லிங்க் அல்லது லோயர் ஆர்ம் புஷ். எடை மிகுந்த இந்த வண்டிகளில் எஸ்டேட் சாலைகள் அவற்றை விரைவில் தின்றுவிடும். வேகத்தோடு ஏறி இறங்கும் முனகல் என்றால் வீல் பேரிங் அல்லது கியர்பெட்டியின் பேரிங். வளைவில் ஒரு பக்கம் திரும்பும்போது மட்டும் கூடினால் வீல் பேரிங் என்று எடுத்துக்கொள்ளலாம். முன் டயரின் வெளி விளிம்பு மட்டும் தேய்வது வளைவுகளின் வேலை. ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு முறை டயர்களை இடம் மாற்றுங்கள்.

அறிகுறி: இனிப்பான ரசாயன வாசனை, சீறல், அடியிலிருந்து வெண்புகை

இங்கு ஆராய்ச்சிக்கு இடமில்லை. சார்ஜில் இருந்தால் வீட்டு மெயினை அணைத்துவிட்டு விலகுங்கள். ஓடிக்கொண்டிருந்தால் திறந்த இடத்தில் நிறுத்தி, எல்லோரையும் இறக்கி, காற்று வரும் திசைக்குப் போய், குறைந்தது 15 மீட்டர் தள்ளி நின்று 112-ஐ அழையுங்கள். அந்தப் புகை நச்சுடையது. சிறிய தீயணைப்பான் பேட்டரித் தீயை அணைக்காது. மிகுந்த தண்ணீர் வேண்டும் என்பதால், அழைக்கும்போதே மின்சார வண்டி என்று சொல்லிவிடுங்கள். அணைந்துபோனதாகத் தோன்றும் பேட்டரி சில மணி நேரம், சில வேளை சில நாள் கழித்தும் மீண்டும் பற்றக்கூடும். ஆகவே அந்த வண்டியை வீட்டுக் கொட்டகைக்கோ அடுத்த வண்டிகள் நிற்கும் இடத்துக்கோ இழுத்துவரக் கூடாது.

அடியில் பலமாகக் கல் இடித்த நாளிலும், ரீகால் நிலுவையில் உள்ள பேட்டரி விஷயத்திலும் இதே எச்சரிக்கையின் மென்மையான வடிவம் பொருந்தும்: சரிசெய்யும் வரை வண்டியை வீட்டுச் சுவரை ஒட்டி நிறுத்தாமல் திறந்த வெளியில் நிறுத்துங்கள், இரவில் எல்லோரும் உறங்கும்போது சார்ஜ் போடாதீர்கள், நிறுவனம் ஏதேனும் உச்ச வரம்பு சொல்லியிருந்தால் அதற்கு மேல் ஏற்றாதீர்கள்.

சர்வீஸ் சென்டருக்குப் போகும்போது கையில் இருக்க வேண்டியவை

மலையில் உள்ளவர்களுக்குப் பெரிய பழுதுகளுக்கு உரிய சர்வீஸ் சென்டர் பெரும்பாலும் கீழேதான். ஒவ்வொரு நடைக்கும் ஒரு நாள் போய்விடுகிறது. ஆகவே அறிகுறி தோன்றிய இடம், அப்போது இருந்த சார்ஜ் சதவீதம், வெளி வெப்பநிலை, ஏற்றமா இறக்கமா, அதற்கு முன் கடைசியாக எங்கே எந்த வகையில் சார்ஜ் போட்டது ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிவையுங்கள். திரையில் தோன்றிய எச்சரிக்கையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சமதரையில் ஓட்டிப் பார்த்துக் குறை எதுவும் இல்லை என்று சொன்னால், கல்லாறு வரை வந்து முதல் நான்கு வளைவுகளில் ஏறிப் பார்க்குமாறு கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ஜாப் கார்டில் நீங்கள் சொன்ன குறை உங்கள் சொற்களிலேயே எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையொப்பமிடுங்கள். "பொதுச் சோதனை" என்று மட்டும் எழுதியிருந்தால், வாரண்டிக் காலம் முடிந்த பிறகு அதே குறை திரும்பும்போது, முன்பே புகார் செய்ததற்கு உங்களிடம் சான்று இருக்காது.